சோப்பு வாசம்

— கன்னுக்குக் கண்ணு இன்னும் உள்ள போயிடுச்சு அண்ணி. காலைல இவ்வளவு குழி இல்ல.

— பார்த்துட்டுதான் இருக்கேன். தலையை லேசா தூக்கிப் பிடி. ரொம்ப வேண்டாம், புரையேறிடும்.

— வாயைத் திறக்க மாட்டேங்குது. நான் விரல் குடுத்துப் பார்க்கட்டுமா?

— வேண்டாம்.

— ரெண்டு விரலை உள்ள வெச்சா சப்ப ஆரம்பிச்சுடும். அப்படியே பாட்டில் நிப்பிளைச் சொருகிடலாம். எப்பவும் அப்படித்தானே பண்றேன்.

— வேண்டாம்னு சொன்னேன்ல. நீ பிடிச்சுக்கோ, நான் குடுக்கறேன். கடைவாய் ஓரமா சொட்டுச் சொட்டா விட்டா தானா முழுங்கும்.

— நீங்க அவசரப்படுவீங்க. உங்களுக்குப் பொறுமை கிடையாது.

— உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு பதினாலு வருஷம் ஓட்டிட்டேன். எனக்குப் பொறுமை இல்லைன்னு சொன்னா கன்னுக்குட்டி கூடச் சிரிக்கும்.

— இது சிரிச்சா நல்லா இருக்கும். பொட்டு, என் தங்கம், ஒரு மடக்கு. அத்தை சொல்றேன்ல, ஒரே ஒரு மடக்கு.

— இறங்குது பார். தொண்டை அசையுது.

— காது ஜில்லுன்னு இருக்கு அண்ணி. வாய்க்குள்ளயும் அப்படித்தான்.

— அந்தச் சாக்கை எடுத்துப் போர்த்து. அது இல்ல, அது ஈரம். கதவுமேல காயுது பார், அது. அடியில வைக்கோலையும் மாத்தணும். ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் மாத்தினேன், மறுபடியும் மஞ்சத் தண்ணியா நனைச்சு வெச்சிருக்கு. இவ்வளவு தண்ணி இதோட வயித்துல எங்கேருந்துதான் வருதோ.

— செத்துப் போன அஞ்சு கன்னுக்கும் இப்படித்தான் ஆச்சு. ஆறு நாள் துள்ளும். ஏழாம் நாள் காலைல வால் ஓரமா மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒன்பதாம் நாள் சாக்குல சுத்தி அண்ணன் தூக்கிட்டுப் போவார். இது எட்டாம் நாள் அண்ணி.

— நாளை எண்ணாதே. டோஸை எண்ணு. இது எத்தனாவது?

— நாலாவது. பால் குடுக்க வேண்டாம்னு அண்ணன் சொல்லியிருந்தாரே? வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்னு.

— அவருக்கு வயிறு சரியில்லைன்னா மட்டும் மூணு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கன்னுக்கு ஓய்வாம். டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க, பாலை நிறுத்தினா கழிச்சல்ல போறதுக்கு முன்னாடி பட்டினியில போயிடும்னு. இந்தப் பொடி கரைச்ச தண்ணி ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தாய்ப்பால் கொஞ்சம், அப்புறம் மறுபடியும் தண்ணி. உடம்பு சூடா இருக்கணும். வைத்தியம் இவ்வளவுதானாம்.

— ஊசியே போடலையே அவங்க.

— நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சாங்க. சிரிப்புன்னா சந்தோஷச் சிரிப்பு இல்ல, பாவம், நேத்து ராத்திரிலேருந்து ஆறாவது தொழுவமாம் நம்மளது. செருப்பைக் கழட்டக் கூடத் தெம்பில்லாம வாளி மேல உட்கார்ந்துக்கிட்டாங்க. மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு அஞ்சு கன்னுக்கும் ஊசி போட்டோமே, அதெல்லாம் வேற கிருமிக்காம். இது வைரஸ். அந்த ஊசிக்கு இது அசையாதாம். குடல்ல போய் உட்கார்ந்துக்கிட்டு, உள்பக்கம் பூனை முடி மாதிரி இருக்குமாமே, அதையெல்லாம் மழிச்சு எடுத்துடுமாம். அப்புறம் குடிக்கிற எதுவும் உடம்புல ஒட்டாது, வந்த வழியே போகும். அது வளர்ந்து வர்ற வரைக்கும் உயிரை நாமதான் பிடிச்சு வைக்கணும்.

— சாணி எடுத்துட்டுப் போனாங்களே போன வாரம், அந்தச் சின்ன டப்பால, அதுல தெரிஞ்சுதா?

— அதுலதான். ரோட்டான்னு ஏதோ பேர் சொன்னாங்க. சின்னக் கன்னுங்களுக்குன்னே வர்றதாம்.

— அப்ப அண்ணன் சொன்ன கிணத்துத் தண்ணி?

— கிணறு தப்பிச்சுது. தவிட்டுக்காரர் தப்பிச்சார். எதிர்வீட்டு அம்மா கண்ணு வெச்சதாலன்னு ஒரு வாரம் அவங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டாரே, அவங்களும் தப்பிச்சாங்க. கரண்டுக் கம்பி மட்டும்தான் பாக்கி. அதையும் ஒரு நாள் சந்தேகப்பட்டார், உனக்கு ஞாபகம் இருக்கா?

— பால்காரரையும்.

— பால்காரர் வாசலோட போறவர். பாவம், அவருக்கு அன்னைக்கு வணக்கம் கூடக் கிடைக்கல. சரி, இன்னொரு மடக்கு.

— அண்ணி, ஒண்ணு கேட்கவா? அண்ணன் ஏன் இன்னைக்கு உங்ககிட்டப் பேசல?

— அவர் என்னைக்குப் பேசினார்.

— இல்ல, இது வேற மாதிரி. நீங்க வெச்ச டீயை அப்படியே வெச்சுட்டு எழுந்து போனார். ஏடு கட்டிப் போய் இருந்துச்சு. நான்தான் கொட்டினேன்.

— ஆறியிருக்கும்.

— சூடாத்தான் வெச்சீங்க. டாக்டரம்மா போனதுலேருந்தே முகம் சரியில்ல. நான் பின்கட்டுல வாளி கழுவிட்டு இருந்தேன், என்ன பேசினாங்கன்னு கேட்கல. ஏதாவது திட்டினாங்களா?

— டாக்டரம்மா யாரையும் திட்டுற ஆள் இல்ல. அவருக்கு அசதி. எல்லாருக்கும்தான். தலையைக் கீழ வை. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்.

— எனக்குத் தெரியும் என்னன்னு. வியாழக்கிழமை விஷயமாத்தான் இருக்கும்.

— எந்த வியாழக்கிழமை?

— நடிக்காதீங்க அண்ணி. முந்தாநாள் அண்ணன் போன்ல பேசினதைக் கேட்டேன். வியாழக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னார். இங்க இருந்து என்ன பண்ணப் போறா, இருந்த ராசியும் போச்சுன்னார். என் வீட்டுக்காரர்கிட்டப் போய் அப்படிச் சொல்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்ல.

— கேட்டுட்டியா நீ.

— ரெண்டு நாளா மென்னுக்கிட்டு இருக்கேன். ஒரு பையோட வந்தேன் போன வருஷம். ரெண்டு நாள் தங்கிட்டுத் திரும்பிப் போன்னுதான் அண்ணன் சொன்னார். அன்னைக்குத் தெற்குக் கொட்டில் மாடு கன்னு போட்டுச்சு. எழுந்திரிக்கவே இல்ல அந்தக் கன்னு, எல்லாரும் கைவிட்டாச்சு. நான் சும்மா விரலைக் குடுத்தேன். சப்பிச்சு. அரை மணி நேரத்துல நின்னுடுச்சு. உன் கை ராசியான கைடா பாப்பான்னு அண்ணன் சொன்னார். அதுக்கப்புறம் திரும்பிப் போன்னு சொல்லவே இல்ல. நான் இங்க உட்கார்ந்திருக்கறதே இந்தக் கையாலதான்.

— தெரியும்.

— பொறந்த எந்தக் கன்னுக்கும் முதல் வாய் பாப்பா கைதான்னு சட்டம் போட்டுட்டார். பக்கத்துத் தோட்டத்துலேருந்து கூட வந்து கூப்பிட்டாங்க. ஒரு வருஷம் ஒரு கன்னு போகல அண்ணி. ஒண்ணு கூட. இந்த ஒரு மாசத்துல அஞ்சு. இப்ப இதுவும். நான் என்ன பண்ணேன்?

— அழாதே.

— அழல. கண்ணு எரியுது, தூங்காததால. அங்க போனா நான் திரும்பி வர மாட்டேன். உங்களுக்குத் தெரியும்ல. இந்த இடது கை ரெண்டு விரலும் இன்னமும் மடங்கல. கதவு தானா சாத்திக்கிச்சுன்னு அண்ணன்கிட்டச் சொன்னேன். தானா சாத்திக்கிட்ட கதவுன்னு அவரும் நம்பிக்கிட்டார். நம்புறது சுலபமா இருந்துச்சு அவருக்கு.

— நான் நம்பல.

— நீங்க அன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே.

— என்னத்தைச் சொல்ல. மஞ்சளைக் குழைச்சுப் பத்துப் போட்டேன். அதுதான் எனக்குத் தெரிஞ்ச பேச்சு. பாட்டிலைக் கீழ வை. இப்படி வந்து உட்காரு. இந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்காரு. உன்கிட்டக் கொஞ்சம் கேட்கணும்.

— என்ன அண்ணி, குரலே மாறுது.

— காலைல தொழுவத்துக்கு வந்ததும் முதல்ல எங்க போவே?

— இதென்ன கேள்வி. முடியாம இருக்கறதுகிட்டத்தான். அதுதானே காத்துக்கிட்டு இருக்கும். மத்ததெல்லாம் கத்தும், நக்கும். முடியாதது கத்தக் கூடக் கத்தாது. அதைப் பார்க்காம வேற ஒண்ணைப் பார்க்க எனக்கு மனசு வராது.

— அங்க போய் என்ன செய்வே?

— வாலைத் துடைப்பேன். ஒட்டிக் காய்ஞ்சிருந்தா வெந்நீர் விட்டுக் கையாலயே தேய்ச்சு எடுப்பேன், துணி போட்டா அதுக்குத் தோல் எரியும். அப்புறம் விரல் குடுத்துப் பால் குடிக்க வைப்பேன்.

— அதுக்கப்புறம்?

— மத்ததுங்க. கடைசியா புதுசாப் பொறந்தது. அதுக்குத்தானே நேரம் அதிகம் ஆகும், சப்பப் பழக்கணுமே. அவசரம் இல்லாம செய்யலாம்னு கடைசியா வெச்சுப்பேன்.

— நடுவுல கை கழுவுவியா?

— கழுவாம என்ன. வாசல் தொட்டியில அலசிட்டுத்தான் போவேன்.

— சோப்புப் போட்டா?

— சோப்பா? சோப்புப் போட்ட விரலைக் கன்னு சப்புமா? உங்களுக்கு அது தெரியாது, நீங்க செஞ்சதில்ல. அந்த வாசம் பட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கும். வந்த புதுசுல ஒரு தடவை பட்டேன், அன்னைக்குப் பூரா ஒண்ணு கூட விரலை வாங்கல. அதுலேருந்து தொழுவத்துக்குள்ள சோப்பே தொடறதில்ல. பாத்திரம் தேய்ச்சாக் கூட வைக்கோல்ல கையைத் தேய்ச்சு வாசத்தைப் போக்கிட்டுத்தான் உள்ள வருவேன்.

— ம்.

— என்ன ம்?

— மோட்டார் ரூம்ல இருக்கே ரெண்டு கன்னு, அதுங்களைப் பத்தி என்ன நினைக்கிறே?

— உங்க பிள்ளைங்களா? அதுங்களுக்கு என்ன, பாவம். நானும் அண்ணனும் என் சாமானை எடுத்துட்டு வர அந்த வீட்டுக்குப் போனோமே, அந்த மூணு நாள்ல பொறந்ததுங்க. வந்து பார்த்தா நீங்க பாட்டிலை வாய்ல திணிச்சுக் குடுத்துட்டு இருந்தீங்க. கொட்டில் வரைக்கும் தூக்க முடியலைன்னு மோட்டார் ரூம்லயே போட்டு வெச்சிருந்தீங்க.

— எனக்கு அப்ப இடுப்புப் பிடிப்பு.

— முதல் வாய் என் கை படலை, ராசியில்லாத ரெண்டு, அதை அவளே வளர்த்துக்கட்டும்னு அண்ணன் சொல்லிட்டார். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு ரோஷம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பக்கமே போகல. நல்லாத்தானே இருக்குங்க?

— நேத்து ஒண்ணு என் முந்தானையைப் பாதி தின்னுடுச்சு. இன்னொண்ணு கதவை முட்டித் தாழ்ப்பாளைப் பேத்து வெச்சிருக்கு.

— அப்ப நல்லாத்தான் இருக்கு.

— பாப்பா.

— சொல்லுங்க.

— இந்த ஒன்றரை மாசத்துல எட்டுக் கன்னு. ஆறு உன்கிட்ட. ரெண்டு என்கிட்ட. வால் மஞ்சளாகாதது அந்த ரெண்டும்தான். டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு முழுசா சொல்லிடறேன். குறுக்கப் பேசாதே. இந்த வைரஸ் காத்துல பறந்து வர்றதில்ல. கழிச்சல்லதான் கோடிக்கணக்கா வெளிய வருதாம். அதுல ஒரு துளி, நகத்துக்குள்ள ஒட்டுற அளவு போதும், இன்னொரு கன்னு வாய்க்குள்ள போச்சுன்னா. வெறும் தண்ணிக்குப் போகாது. காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அவங்க யாரையும் கை நீட்டல. நோய்க் கன்னைத் தொட்டுட்டுப் புதுக் கன்னுகிட்ட எது போகுதுன்னு யோசிச்சுப் பாருங்கன்னாங்க. வாளியா, செருப்பா, நிப்பிளான்னு கேட்டாங்க. நான் கேட் வரைக்கும் பை தூக்கிட்டுப் போனேன். திரும்பி வர்றப்ப மோட்டார் ரூம் கதவு அதிருது, அந்த முரடன் முட்டிட்டு இருந்தான். அங்கேயே நின்னுட்டேன்.

— என் கை.

— கேளு...

— என் கைதான். இல்லையா? வாலைத் துடைச்ச கை. அதே விரலை எடுத்துட்டுப் போய்ப் பொறந்த கன்னு வாய்ல... நாக்குக்கு அடியில வெப்பேன் அண்ணி. அங்கதான் நல்லாச் சப்பும். அவ்வளவு உள்ள வெப்பேன்.

— பாப்பா, இங்க பார்.

— செத்துப் போனானே நம்ம சுருட்டைக் கன்னு. விரலை விடவே மாட்டான். நான் எழுந்தா பின்னாடியே வருவான். நான் ஊட்டிட்டு இருந்தது...

— போதும். வாயை மூடு. நீ ஊட்டினது பால். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, மருந்துக் கடைக்காரருக்கே தெரியாது. முதல் கன்னுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டரம்மாவுக்கும் தெரியல. பெரிய மாடுங்க வயித்துல சத்தம் போடாம இருக்குமாம். அதுங்களுக்கு ஒண்ணும் செய்யாது, சாணியில மட்டும் வருமாம். அதுக்கும் நீயா பொறுப்பு?

— முதலுக்கு நான் இல்ல. மத்த அஞ்சுக்கு? சொல்லுங்க அண்ணி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதான் கேட்கறேன்.

— மத்ததுக்கு உன் கை வழியாப் போயிருக்கு. ஆமா. நீ கிட்டப் போகாம இருந்திருந்தா பிழைச்சிருக்குமோ என்னவோ. ஆனா ஒரு வருஷம் நீ கிட்டப் போனதாலதான் எல்லாம் பிழைச்சுது, அதையும் சேர்த்துச் சொல்லு. அதே கைதான். நோய் வீட்டுக்குள்ள இல்லாதப்ப நல்லது செஞ்சுது. வந்தப்புறம் எடுத்துட்டுப் போச்சு. ராசின்னு சொன்னவங்களுக்கு இதுல ஒண்ணும் புரியப் போறதில்ல. உனக்காவது புரியட்டும்.

— அண்ணன்கிட்ட நான் சொல்லணும்.

— என்னன்னு?

— நான்தான்னு. அவர் தெரிஞ்சுக்கணும். கன்னைத் தூக்கிட்டுப் போய்ப் புதைச்சது அவர். ஒவ்வொரு தடவையும் வந்து கிணத்தடியில தனியா நிப்பார், நான் பார்த்திருக்கேன்.

— சொல்லிட்டு?

— வியாழக்கிழமை பையை எடுத்துட்டுப் போறேன். வேற என்ன.

— அங்கயா?

— வேற எங்க.

— அந்த வீட்டுக் கதவு இன்னும் தானாத்தான் சாத்திக்குது, இல்ல? சரி. சொல்றதுன்னா சொல்லு. நான் வாயைப் பொத்தப் போறதில்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நம்ம சினை மாடு சிவப்பி காலைலேருந்து படுத்துப் படுத்து எழுந்திரிக்குது. தண்ணிக் குடம் உடைஞ்சுடுச்சு, அவர் அங்கதான் நிக்கறார். இன்னும் கொஞ்ச நேரத்துல உன்னைக் கூப்பிடுவார்.

— நான் போக மாட்டேன்.

— போகத்தான் போறே. கையை நீட்டு.

— வேண்டாம் அண்ணி. இந்தக் கையை எதுலயும் இனி வைக்க மாட்டேன்.

— நீட்டுன்னா நீட்டு. நகம் எவ்வளவு வளர்ந்திருக்கு பார், ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒரு தொழுவமே இருக்கு. ஆடாதே. இந்த நகவெட்டி மொக்கை, சதையைப் பிடிச்சுடும். உங்க அண்ணன் கால் நகத்தை வெட்டி வெட்டி மொக்கையாக்கி வெச்சிருக்கார்.

— அண்ணி, அதைப் போய் என் விரல்ல.

— கழுவிட்டேன். இன்னைக்கு நான் கழுவாதது இந்தத் தொழுவத்துல ஒண்ணும் இல்ல. வாளி நாலு, பாட்டில் மூணு, நிப்பிள், சுவர், உன் செருப்பு, என் செருப்பு. எல்லாம் வெந்நீர், சோப்பு, அப்புறம் டாக்டரம்மா குடுத்த மருந்துத் தண்ணி. இடுப்பு என்கூடப் பேசறதையே நிறுத்திடுச்சு. அடுத்த கை. மெதுவா, இந்த ரெண்டையும் நான் பிடிச்சுக்கறேன், நீ மடக்க வேண்டாம்.

— வலிக்கல.

— வலிச்சாச் சொல்லு. இப்ப சோப்பு. முழங்கை வரைக்கும்.

— சப்பாது அண்ணி. சோப்பு வாசம் வந்தா கன்னு சப்பவே சப்பாது.

— சப்ப வேண்டாம். இனிமே விரலே கிடையாது. சீம்பாலைக் கறந்து, காய்ச்சின நிப்பிள்ல, பொறந்த மணி நேரத்துக்குள்ள வயிறு நிறையக் குடுக்கணும். அதுதான் கன்னுக்குக் கவசமாம். நிப்பிளைப் பிடிக்கப் பொறுமை வேணும், எனக்கு அது இல்லைன்னு நீயே சொல்லிட்டே. முதல் தடவை திருப்பிக்கும். ரெண்டாம் தடவையும் திருப்பிக்கும். பசி வந்தா வாங்கும். இந்தக் கையுறையைப் போட்டுக்கோ, தொழுவத்துக்கு ஒரு ஜோடி, மாத்திடாதே. அந்தப் புடவையையும் மாத்து. இனிமே காலைல முதல்ல போறது புதுக் கன்னுகிட்ட. கடைசியாத்தான் பொட்டுகிட்ட.

— அது காத்துக்கிட்டு இருக்குமே.

— இருக்கட்டும். பொட்டை நான் பார்த்துக்கறேன். நீ இந்தப் பக்கம் கால் வைக்காதே. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். ஆளுக்கு ஒரு தொழுவம், நடுவுல ஒரு வாளி மருந்துத் தண்ணி. பங்காளிச் சண்டை போட்டுப் பிரிஞ்ச மாதிரி இருப்போம்.

— உங்களால எப்படி அண்ணி இப்படிப் பேச முடியுது.

— உட்கார்ந்து அழலாம்னா முட்டி மடங்க மாட்டேங்குது. அதான் பேசறேன். சினையா இருக்கற மத்த மூணுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போடலாமாம், அப்ப அதுங்க சீம்பாலே மருந்து. சிவப்பிக்கு நேரம் தாண்டிடுச்சு. அதனால இந்தக் கன்னுக்கு உன் சுத்தம்தான் தடுப்பூசி. பொட்டு பார், தலையைத் தூக்குது.

— எங்க? ஆமா. ஆமா அண்ணி, பாட்டிலைப் பார்க்குது.

— தொடாதே. கை கழுவியாச்சு. அங்கேருந்தே பார்.

— பொட்டு, தங்கம், அத்தை இங்கதான் இருக்கேன். அண்ணி, அதோ அண்ணன் வர்றார்.

— நிமிர்ந்து நில்லு. மூக்கைத் துடைக்காதே, கையுறை.

— பாப்பா, எங்க இருக்கே? கால் வெளிய வந்துடுச்சு, இன்னும் ரெண்டு முக்குல விழுந்துடும். சீக்கிரம் வா. என்ன இது கையில?

— கையுறைண்ணா. டாக்டரம்மா குடுத்தது. அண்ணா, நான் வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கன்னுங்க செத்தது...

— தெரியும். எல்லாம் தெரியும் எனக்கு. அதைப் பேசி இப்ப ஆகப் போறது ஒண்ணுமில்ல.

— தெரியுமா? அப்ப ஏன் என்னைக் கூப்பிடறீங்க?

— உன்னைக் கூப்பிடாம யாரைக் கூப்பிட? உன் வீட்டுக்காரனுக்கும் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமையும் வேண்டாம், எந்தக் கிழமையும் வேண்டாம். தப்பு உன்மேல இல்லைன்னு தெரிஞ்சப்புறம் உன்னை எதுக்கு அனுப்பணும்? உன் ராசியை நான் சந்தேகப்பட்டதே பாவம்.

— என்னண்ணா சொல்றீங்க? எனக்குப் புரியல. அண்ணி, இவர் என்ன சொல்றார்?

— போ பாப்பா. பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். நிப்பிள் அந்தத் தூக்குல இருக்கு, மூடியைத் திறக்காம எடுத்துட்டுப் போ. சிவப்பி மிரளும், இன்னைக்கு மட்டும் கை கழுவிட்டு நான் கயிறைப் பிடிச்சுட்டு...

— நீ அங்கேயே நில்லு, மாட்டுகிட்ட வராதே. நோய்க் கன்னைத் துடைச்ச கையோட பால் வாளியைத் தொட்டது நான்தான், அஞ்சும் செத்தது என்னாலதான்னு காலைல டாக்டரம்மா போனதும் நீயே என்கிட்ட வந்து ஒத்துக்கிட்டேல்ல, இனி இந்த வீட்டுல பொறக்கற கன்னைத் தொடறது என் தங்கச்சி கை மட்டும்தான்.